மூச்சடக்கிக் கேட்ட காலம்

எனக்கு மாரடைப்பு வந்தபோது வயது இருபத்தொன்பது. வந்தது மாரடைப்பே இல்லை என்று நான் நம்புவதற்கு ஏழு மாதம் ஆனது.

எண்பதுகளின் தொடக்கம் அது. போடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். அப்போது யாரும் தானாக நம்பரைச் சுற்றிப் பேசிவிட முடியாது. கடையிலோ வீட்டிலோ போனின் கைப்பிடியைச் சுற்றினால், எங்கள் பலகையில் அந்த எண்ணுக்குரிய சின்ன மூடி பட்டென்று கீழே விழும். நாங்கள் ஒரு வயரை எடுத்து அந்தத் துளையில் செருகி, “நம்பர் ப்ளீஸ்” என்போம். அவர்கள் கேட்கிற எண்ணில் இன்னொரு வயரைச் செருகி மணி அடிப்போம். வெளியூர் என்றால் மதுரை வழியாக ட்ரங்க் கால். ஏலக்காய் மண்டிகள், ஆஸ்பத்திரி, போலீஸ், மேலே மலையில் இருந்த எஸ்டேட்டுகள் என்று ஊரே எங்கள் கை வழியாகத்தான் பேசிக்கொண்டது. எனக்கு அதில் ஆறு வருட அனுபவம். தூக்கத்தில்கூட நான் “நம்பர் ப்ளீஸ்” என்று முனகுவதாக என் கணவர் கேலி செய்வார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள்.

அன்றைக்கு எதுவுமே நடக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்டது “என்ன நடந்துச்சு?” என்றுதான். மதியச் சாப்பாடு முடிந்து பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு மளிகைக் கடையின் மூடி விழுந்தது. வயரைச் செருகினேன். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

விரல் நுனிகள் மரத்துப்போயின. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. நெஞ்சு அடித்த அடியில் தலையில் மாட்டியிருந்த ஹெட்செட் அதிர்வதாகத் தோன்றியது. அறையில் காற்றே இல்லை. நான் சாகிறேன், இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி சாகிறேன் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. காதுக்குள் மளிகைக் கடைக்காரர் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த ஆபரேட்டர் அக்கா ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டார்.

“ஏத்தா, என்ன செய்யுது? ஆத்தா, இங்கன பாரு! என்னையப் பாரு!”

“அக்கா, எம் மகளப் பாத்துக்கங்க” என்றேன். என் கடைசி வார்த்தைகள் என்று நினைத்துத்தான் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து, வேர்த்து நனைந்த சேலையோடு, உயிரோடு, வெட்கத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். பெரிய டாக்டர் அந்தத் தாளை நீளமாக விரித்துப் பார்த்துவிட்டு, “நெஞ்சு அருமையா இருக்கும்மா. ஒண்ணுமே இல்லை” என்றார். என் கணவர் இரண்டு கையையும் கூப்பினார். எனக்கோ தூக்கிவாரிப்போட்டது. ஒன்றுமில்லையா? செத்துப் பிழைத்திருக்கிறேன், ஒன்றுமில்லையா? அந்தத் தாளில் ஏதாவது ஒரு கோணல் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். வியாதி இருந்தால் பெயர் இருக்கும், மாத்திரை இருக்கும். ஒன்றுமில்லாததற்கு என்ன செய்ய முடியும்?

நாலு நாளில் அது திரும்ப வந்தது, அதே நாற்காலியில். பிறகு எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்தது. பிறகு சந்தைக்குள், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்கால் போட்டிருந்தபோது வந்தது. பூசை பாதியிலிருக்க வெளியே ஓடினேன். வந்த இடத்துக்கெல்லாம் மறுபடி போகப் பயந்தேன். போகக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மூன்றாவது மாதம் வீட்டின் உள்ளறை மட்டும் மிச்சமிருந்தது. அங்கேயும் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்து, மந்திரித்த எண்ணெயை நெற்றியில் தடவி, ஒன்பது நாள் செபம் சொன்னார். எதிர் வீட்டம்மா, காற்றுக் கருப்பு என்றார். எங்கள் சூப்பர்வைசர், லீவு ஏன் நீள்கிறது என்று விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினார். நேரத்துக்கு வருவதிலும் நேரத்துக்குப் போவதிலும் கடுமையானவர் அவர். நாங்கள் எல்லோரும் அவருக்குப் பயப்படுவோம்.

அல்லிநகரத்தில் புதிதாக வந்த ஓர் இளம் டாக்டரைப் பற்றி யாரோ சொல்ல, என் கணவர் என்னை அங்கே கூட்டிப்போனார். அந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே இல்லை. பேச விட்டுக் கேட்டார்.

“அது வரும்போது என்ன ஆயிரும்னு பயப்படுறீங்க?”

“செத்துருவேன்னு, டாக்டர்.”

“இதுவரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கும்?”

“நாப்பது, அம்பது தடவை இருக்கும்.”

“அத்தனை தடவையும் சாகலை.”

அவர் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. இதற்கு மனப்பதற்றம் என்று பேர், உடம்பு பொய் சொல்லவில்லை, நெஞ்சு அடிப்பதும் மூச்சு முட்டுவதும் நிஜம்தான், ஆனால் ஆபத்து இல்லாத இடத்தில் உடம்பு ஆபத்து மணி அடிக்கிறது என்றார். மதுரையில் ஒரு மனநல டாக்டர் இருக்கிறார், அவரிடம் ஆலோசகராக ஓர் அம்மா இருக்கிறார், பெங்களூரில் படித்தவர், பேசியே பயிற்சி கொடுப்பார் என்றார்.

என் கணவரின் முகம் வெளுத்தது. “அப்ப இவளுக்குப் பைத்தியமா டாக்டர்? ஷாக் வைப்பாகளா?”

“பைத்தியமும் இல்லை, ஷாக்கும் இல்லை. போயிட்டு வாங்க.”

ஊருக்கு வேறு காரணம் சொன்னோம். மதுரையில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்கிறோம் என்று என் கணவர் ஒரு வார்த்தை விட்டார். அடுத்த வாரமே எதிர் வீட்டம்மா என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டாவதுக்கா? விசேஷமா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவைத்தேன். மனசு சரியில்லை என்று சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

மதுரைக்குப் போகும் பஸ்ஸில், ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது அது வந்தது. கண்டக்டரிடம் சொல்லி வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டேன். இரண்டு மணி நேரம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்த ஒரு பஸ்ஸில் என் கணவர் என்னைக் கையைப் பிடித்து ஏற்றினார். வைத்தியமே கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அந்த ஆலோசகர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கைத்தறிச் சேலை. மேசையில் காகிதமும் பேனாவும், சுவரில் ஒரு கடிகாரம். ஊசியோ மிஷினோ எங்காவது இருக்கிறதா என்று என் கண் தேடியது. என் கணவரை வெளியே உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்: எங்கே வரும், முதலில் விரலா நெஞ்சா, அப்போது மனசுக்குள் என்ன வார்த்தை ஓடும்? பிறகு எழுந்து நின்றார்.

“நீங்களும் எழுந்திரிங்க. என்கூடச் சேர்ந்து வேகமா மூச்சு விடணும். ஓடிட்டு வந்த மாதிரி. ஒரு நிமிஷம்.”

எதற்கென்று கேட்கவில்லை. செய்தேன். பாதி நிமிடத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல் மரத்தது. தலை சுற்றியது. நெஞ்சு பிய்த்துக்கொண்டு அடித்தது. அதேதான். அணுவளவும் மாறாமல் அதேதான்.

“வந்துருச்சு! ஐயோ, வந்துருச்சு!” என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“உக்காருங்க. ஓட வேண்டாம். மூச்சை மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்குறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, வெளிய விடுறது மட்டும் நீளமா. கடிகாரத்தைப் பாருங்க.”

நாலு நிமிடம். விரல்களுக்கு உயிர் வந்தது. நெஞ்சு இறங்கியது.

“இப்ப இதை வரவழைச்சது யாரு?” என்று கேட்டார்.

அந்த நாற்காலி கொண்டுவரவில்லை. காற்றுக் கருப்பு கொண்டுவரவில்லை. என் மூச்சு கொண்டுவந்திருக்கிறது. நான் மாதக்கணக்கில் பயந்து ஒளிந்த அந்தப் பூதத்தை ஒரு நிமிட மூச்சில் வரவழைக்கலாம், நாலு நிமிட மூச்சில் திருப்பி அனுப்பலாம். வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் யாரும் என்னை அப்படி அதிர வைத்ததில்லை. அழுதேன். கோபமாகவும் இருந்தது. இவ்வளவுதானா என்று கோபம்.

இவ்வளவுதான் இல்லை என்று பிறகு தெரிந்தது. அங்கிருந்த மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன மாத்திரையை முதல் இரண்டு மாதம் சாப்பிட்டேன். வீட்டில் காலையும் மாலையும் மூச்சுப் பழக்கம். பயப்படுகிற இடங்களை எளிதானதிலிருந்து கடினமானதுவரை எழுதி, ஒவ்வொன்றாகப் போய் நிற்க வேண்டும். பயம் வந்தால் ஓடக் கூடாது, அது உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். தெருமுனை, பெட்டிக்கடை, சந்தை வாசல், கோயிலின் கடைசி பெஞ்சு. சில நாள் முடிந்தது. சில நாள் பெட்டிக்கடையிலிருந்தே ஓடிவந்தேன். எக்ஸ்சேஞ்சுக்கு, ஆளில்லாத பலகை முன்னால் சும்மா உட்கார மட்டும், மூத்த ஆபரேட்டர் அக்கா என்னைக் கூட்டிப்போவார். “லைன் போடலைத்தா. சும்மா காதுல மாட்டிக்க” என்று பழைய ஹெட்செட் ஒன்றைத் தருவார்.

நாலாவது தடவை மதுரை போனபோது, பலகையில் எந்த எண் விழுந்தால் பயம் எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டு ஒரு பட்டியல் கேட்டிருந்தார் அந்த அம்மா. கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“கடைத்தெரு இருக்கு, தேனி லைன், கம்பம் லைன், மதுரை ட்ரங்க் எல்லாம் இருக்கு. மலைக்குப் போற லைன் இருக்குன்னு சொன்னீங்களே. அது ஒண்ணுகூட இதுல இல்லையே?”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். இல்லை. ஏழெட்டு எஸ்டேட் எண்கள் எனக்கு மனப்பாடம். ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. எழுதவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் முதல்முறையாக அதைச் சொன்னேன். என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் தடவை நெஞ்சு அடைப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு மழைக்காலக் காலை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மலை மேல் ஓர் எஸ்டேட்டுக்கு ட்ரங்க் கால். எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிறவரை அவருடைய மைத்துனர் கூப்பிடுகிறார். லைன் போட்டுவிட்டு, சரியாகக் கேட்கிறதா என்று நாங்கள் கொஞ்ச நேரம் காது கொடுக்க வேண்டும். மழையில் மலை லைன் இரைந்தது. இரண்டு பேருக்கும் நான் பேசுவது கேட்டது. அவர்களுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அப்படி நேரத்தில் ஆபரேட்டர் நடுவில் இருந்து, ஒருவர் சொன்னதை அப்படியே மற்றவருக்குச் சொல்ல வேண்டும்.

மைத்துனர் அழுதுகொண்டே சொன்னார்: “அக்கா போயிருச்சுன்னு மாமாகிட்டச் சொல்லுங்கம்மா. காலைல ஆறு மணிக்கு.”

நான் பேசுவது மதுரைப் பக்கம் கேட்காதபடி விசையைத் தள்ளிவிட்டு, மலைப் பக்கம் திரும்பி, “சார், எக்ஸ்சேஞ்ச் பேசுறேன். உங்க மச்சினர் லைன்ல இருக்காரு” என்றேன்.

“என்னம்மா சொல்றாரு? அவ எப்படி இருக்கா?”

என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. “சீரியஸா இருக்காகளாம். உடனே கெளம்பி வரச் சொல்றாக” என்றேன்.

“பேசுறாளா?”

“பேசுறாகளாம், சார்.”

அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். “கம்பளி வேணும்னு கேட்டா. எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லுங்கம்மா.”

மதுரைப் பக்கம் மைத்துனர், “சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். “சொல்லிட்டேன். கெளம்பிட்டாரு” என்றேன். இரண்டு வயரையும் பிடுங்கினேன். அடுத்த மூடி விழுந்தது. “நம்பர் ப்ளீஸ்” என்றேன்.

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூச்சு விடுங்க” என்றார். நான் விடாமல் இருந்திருக்கிறேன். “சொல்லும்போது பாதி நேரம் நீங்க மூச்சே விடலை. வேலைல எப்பவும் இப்படியா?”

யோசித்தேன். ஆமாம். லைனில் காது கொடுக்கும்போது எங்கள் மூச்சுச் சத்தம் பேசுகிறவர்களுக்குக் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூச்சை அடக்கப் பழகியிருந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு தடவை. அடக்குவது, பிறகு வேகமாக இழுப்பது. ஆறு வருடம். அது எனக்கே தெரியாது.

“பொய் சொன்னதுக்குத் தண்டனையா இது வந்துச்சுன்னு நெனைக்காதீங்க. அப்படி வர்ற நோய் இல்லை இது. அந்த ஃபோன்தான் காரணம்னு அடிச்சும் சொல்ல முடியாது. அந்த மூச்சும் ஒரு பங்கு, அந்தக் காலையும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனா அதை எழுதக்கூட முடியாம ஒளிச்சு வச்சிருந்தீங்க பாருங்க, அதை எறக்கி வைக்கலாம். வீட்டுக்காரர்கிட்டச் சொல்ல முடியுமா?”

திரும்பி வரும் பஸ்ஸில், உசிலம்பட்டி தாண்டியதும் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். நான் செய்தது சரி, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பஸ் கணவாய் அடிவாரத்தை நெருங்கியபோது திரும்பினார்.

“அப்ப அந்தாளு கம்பளியோட அங்கன போய் எறங்குனப்ப, யாரு சொல்லியிருப்பாக?”

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. இத்தனை மாதமும் நான் எனக்குள் கேட்கவே விடாமல் வைத்திருந்த கேள்வி அதுதான். பஸ் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தது. விரல் மரக்க ஆரம்பித்தது. கண்டக்டர் இரண்டு வரிசை முன்னால் நின்றார், கூப்பிட்டால் நிறுத்துவார். கூப்பிடவில்லை. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டேன். நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். அந்த மனிதர் கம்பளியோடு வார்டு வாசலில் நிற்பதையும் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. ஆண்டிபட்டி வருவதற்குள் அது இறங்கிவிட்டது. நான் இறங்கவில்லை. என் கணவர், “கேட்டிருக்கக் கூடாது” என்றார். “கேட்டது நல்லது” என்றேன். பொய்க்குச் சொல்லவில்லை.

ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். முதலில் அரை நாள், அக்காவின் பக்கத்து நாற்காலியில். இரண்டாவது வாரம் அந்த எஸ்டேட்டின் மூடி விழுந்தது. அக்கா கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு செருகினேன். ஒரு சின்ன வயதுக் குரல், ஏதோ ஏலக்காய் மண்டியின் எண்ணைக் கேட்டது. போட்டுக்கொடுத்தேன். பேசி முடித்ததும், விதியை மீறி, மனைவியை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தவரைப் பற்றி விசாரித்தேன்.

“அவரா? சம்சாரம் செத்ததும் கணக்கை முடிச்சுக்கிட்டு ஊரோட போயிட்டாரும்மா. எந்த ஊருன்னு தெரியலை. நீங்க யாரு?”

“எக்ஸ்சேஞ்ச்” என்றேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

அந்த மாதக் கடைசியில் சூப்பர்வைசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இன்னொரு மெமோ என்று நினைத்துக் கைகட்டி நின்றேன். அவர் மேசை டிராயரைத் திறந்து என் மெடிக்கல் சர்ட்டிபிகேட்டை எடுத்தார். மதுரை மனநல டாக்டரின் முத்திரை அதில் தெளிவாக இருந்தது. நாங்கள் ஊரெல்லாம் கட்டிய கதை இவரிடம் அதைக் கொடுத்த அன்றே உடைந்திருக்கிறது. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

“இந்த அட்ரஸுக்குப் போனா நேராப் பாக்க முடியுமா, இல்லை எழுதிப் போடணுமா?”

“யாருக்கு, சார்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்குத்தான். பதினோரு வருஷமா இருக்கும்மா. ரெண்டு தடவை மதுரைக்கு ப்ரமோஷன்ல போடுறேன்னாக. வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். எல்லாரும் சொந்த ஊரு ஆசைன்னு நெனைச்சாக. அந்தக் கணவாயை என்னால தாண்ட முடியலை.”

அனுமதி கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதருக்கா நாங்கள் பயந்தோம்? எத்தனை நாள் இதே கட்டடத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்! ரயிலில் போனால் அவ்வளவு தெரியாது, முதல் தடவை வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். ஆலோசகர் அம்மா சொல்லிக்கொடுத்த மூச்சை அவருக்குச் செய்துகாட்டினேன். கதவு சாத்திய அறையில், மெமோ எழுதுகிற மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, நாங்கள் இருவரும் மூச்சை நீளமாக வெளியே விட்டோம்.

அவர் போனார். எத்தனை தடவை போனார், எவ்வளவு குணமானது என்று நான் கேட்டதில்லை. மறு வருடம் மாற்றலாகி மதுரைக்கே போய்விட்டார் என்பது மட்டும் தெரியும்.

எனக்கு அது முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பிறகு நாலைந்து தடவை வந்திருக்கிறது. ஒருமுறை தேனி கடைத்தெருவில் மகளுக்குச் செருப்பு வாங்கும்போது வந்தது. கடைக்காரர் இன்னொரு ஜோடியை நீட்டிக்கொண்டே, “என்னம்மா, ஒரு மாதிரியா இருக்கீக?” என்றார். “ஒண்ணுமில்லை, கொஞ்சம் பொறுங்க, சரியாப்போயிரும்” என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். மகள் செருப்பை மாட்டிக் கடைக்குள் இரண்டு முறை நடந்து பார்த்தாள். அதற்குள் சரியாகிவிட்டது. கால் பெருவிரல் இடிக்கிறது என்றாள். ஒரு சைஸ் பெரிதாக எடுக்கச் சொன்னேன்.